தொழில்வழிச் சிகிச்சையும் மொன்றியல் வாழ் தமிழ்க் குடும்பங்களும்

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலுக்கான உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்வழிச் சிகிச்சை" என்னும் பெயரே தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை அந்தச் சேவையிலிருந்து விலக்கி வைத்துவிடுகின்றது. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் முதியவர் ஒருவரிடம், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று கூறினால், "75 வயதில் எனக்கென்ன தொழில்? இனி வேலைக்கா போகப் போகிறேன்?" என்று அவர் மறுத்துவிடக்கூடும். பிள்ளைகளும் அதனை வேலைவாய்ப்போடு தொடர்புடைய ஏதோ ஒரு திட்டமென எண்ணிப் பேசாமல் விட்டுவிடுவர். இவ்வாறு இழக்கப்படும் உதவி சிறியதன்று.

தமிழ் இலக்கணம் சிறிதளவேனும் கற்றவர்களுக்குத் "தொழில்" என்னும் சொல்லின் பழைய பொருள் தெரிந்திருக்கும். உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல், எழுதுதல் ஆகியவற்றை இலக்கணம் தொழிற்பெயர்கள் என்கின்றது. இறைவனின் ஐந்தொழில் என்று சைவர்கள் கூறும்போதும், அங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையன்று. செயல் என்பதே அதன் பொருள். இச்சிகிச்சைக்குரிய ஆங்கிலப் பெயரும் இந்த விரிந்த பொருளிலேயே வழங்குகின்றது: ஒருவரது நாளை நிரப்புகின்ற செயல்கள் யாவும் அதனுள் அடங்கும். கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழியில் இதனை "எர்கோதெரப்பி" என்பர். "எர்கொன்" என்ற கிரேக்கச் சொல்லுக்கும் வேலை, செயல் என்பனவே பொருள். தமிழகத்தில் சிலர் இதனைச் செயல்முறை மருத்துவம் என்றும் அழைக்கின்றனர். ஆகவே, வைத்தியசாலைக் கடிதமொன்றில் "எர்கோதெரப்பி" என்ற சொல் காணப்பட்டால், அது வேலை தேடுவதற்கான அழைப்பன்று என்பதை முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

இயன்மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி அடுத்ததாக எழும். ஒருவரது தோளை உயர்த்தவும் முழங்காலை மடக்கவும் பலம் பெறச் செய்வது பெரும்பாலும் இயன்மருத்துவரின் பணி. அந்தத் தோளால் சட்டையை அணிய முடிகிறதா, அந்தக் காலால் குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற முடிகிறதா என்று பார்ப்பது தொழில்வழிச் சிகிச்சையாளரின் பணி. உடல் முழுமையாக மீளாதவிடத்தும் செயல் மீளலாம் என்பதே இத்துறையின் அடிப்படை. கை குணமடையும்வரை காத்திராமல், செய்முறையை மாற்றலாம்; கருவியை மாற்றலாம்; இடத்தை மாற்றலாம். பாரிசவாதம் கண்டவருக்குச் சட்டை அணிவிக்கும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அக்கையைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்ற எளிய விதியொன்றே, பத்து நிமிடப் போராட்டத்தை இரண்டு நிமிட வேலையாக்கிவிடும்.

இத்துறை போரின் காயங்களோடு வளர்ந்த ஒன்று. முதலாம் உலகப்போரில் காயமுற்றுத் திரும்பிய கனேடியப் படையினர் வைத்தியசாலைக் கட்டில்களில் மாதக்கணக்கில் கிடந்தனர். காயம் ஆறியபின்னும் அவர்களால் வாழ்வுக்குத் திரும்ப முடியவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் கைவினைக் கல்வி கற்பிக்க வந்த தோமஸ் கிட்னர் என்பவர், இப்படையினருக்கான தொழிற்பயிற்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். 1917 இல் அமெரிக்காவில் இத்துறைக்கான முதற் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1918 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இளம் பெண்கள் இப்பணிக்கெனப் பயிற்றப்பட்டு இராணுவ வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1926 இல் கனேடியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் உருவாயிற்று. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம் 1943 இல் இயன்மருத்துவக் கல்வியைத் தொடங்கி, 1950 இல் தொழில்வழிச் சிகிச்சையையும் அதனோடு இணைத்தது. அதே 1950 ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் மும்பாயில் கே.ஈ.எம். வைத்தியசாலையில் இந்தியாவின் முதலாவது தொழில்வழிச் சிகிச்சைப் பாடசாலையைத் தொடக்கினார். போரினால் அவயவங்களை இழந்தோரைத் தம் குடும்பங்களிலேயே கண்டிருக்கின்ற ஈழத்தமிழருக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

தமிழ் மண்ணிலேயே இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சையின் மூலம் நிமிர்த்தினார். கைகள் விரிந்தன. ஆனால், சீரான கையோடு சென்றவர்களுக்குப் பிச்சையும் கிடைக்கவில்லை, நோயின் பெயரால் வேலையும் கிடைக்கவில்லை. சத்திரசிகிச்சையின் வெற்றியே அவர்களின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது! இதனை உணர்ந்த பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் "நவ ஜீவ நிலையம்" என்ற பெயரில் குடில்களைக் கொண்ட ஒரு நிலையத்தை அமைத்து, தச்சுவேலை முதலியவற்றைக் கற்பித்தனர். உணர்ச்சியற்ற விரல்கள் புண்படாதவாறு கருவியைப் பிடிப்பது எவ்வாறு என்பதும் அங்கே பாடமாயிற்று. அதே கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் வீதி விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கான சத்திரசிகிச்சைகளைச் செய்தார். 1966 இல் வேலூரில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவரது உழைப்பின் பயன். கால்கள் மீளவேயில்லை, அவருடைய தொழில் மீண்டது.

இனி மொன்றியலுக்கு வருவோம். இன்று இந்நகரில் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் நோயாளியைச் சந்திக்கும்போது கேட்கக்கூடிய முதற்கேள்வி, "உங்களுக்கு என்ன நோய்?" என்பதன்று. நோயின் பெயர் கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றது. "நீங்கள் செய்ய விரும்பியும் செய்ய முடியாமலிருப்பது எது?" என்பதே அவருடைய கேள்வி. கனேடிய ஆய்வாளர்கள் 1991 இல் வெளியிட்ட ஓர் அளவீடு இக்கேள்வியை முறைப்படுத்தியது; அது இன்று உலகின் பல நாடுகளில் பயன்படுகின்றது. தம்மைப் பராமரித்தல், உழைத்தல், ஓய்வைக் கழித்தல் ஆகிய மூன்று வகைகளிலும் தமக்குச் சிரமமான செயல்களை நோயாளியே கூறுவார். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 10 வரை புள்ளியிடுவார். மிக முக்கியமான ஐந்தளவில் தெரிவு செய்து, அவற்றை இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் தமக்கு எவ்வளவு திருப்தி என்று மீண்டும் புள்ளியிடுவார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அதே செயல்களுக்கு மீண்டும் புள்ளியிடப்படும். இரண்டு புள்ளிகள் உயர்ந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்ளப்படுகின்றது. புள்ளியிடுபவர் மருத்துவர் அல்லர், மகனும் அல்லர்.

இவ்விடத்திலேதான் தமிழ்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மகள் பதிலளிக்கின்றார். "அம்மா ஒன்றும் செய்யத் தேவையில்லை, எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுக்கின்றோம்" என்று பெருமையோடும் அன்போடும் கூறுகின்றார். தமிழர் மரபில் செய்து கொடுப்பதே அன்பின் அடையாளம். முதியவரைக் குசினிக்குள் விடுவது பிள்ளைகளுக்கு இழுக்கு என்று எண்ணுவோரும் உளர். இந்த அன்பில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் போட்ட பெண்மணியின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டு, அவரை நாள் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி வைப்பது, அவருக்குக் கொடுக்கப்படும் ஓய்வு மட்டுமன்று; அவரிடமிருந்து எடுக்கப்படும் ஒன்றுமாகும். பயன்படுத்தப்படாத கை மேலும் பலவீனமடைகின்றது. நடக்காத கால் விரைவில் நடக்க இயலாததாகின்றது.

வலக்கை செயலிழந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இடக்கையால் உண்ணப் பழகலாம் என்று சிகிச்சையாளர் கூறுகின்றார். பெரும்பாலான கனேடியருக்கு அது வெறும் பயிற்சி. தமிழ் முதியவருக்கோ இடக்கையால் சோற்றைத் தொடுவது எண்ணிப்பார்க்கவே கூசும் செயல். அவர் காரணத்தைச் சொல்லமாட்டார், "பசியில்லை" என்பார். மருமகள் ஊட்டிவிடத் தொடங்குவார். ஆறு மாதத்தில் அவர் பிறர் ஊட்டாமல் உண்ணாத மனிதராகிவிடுவார். காரணம் சிகிச்சையாளருக்குத் தெரிந்திருந்தால் வேறு வழிகள் உண்டு. தடித்த பிடியுள்ள கரண்டியைப் பட்டியால் வலக்கையோடு இணைத்து, இடக்கையால் அதனைத் தாங்கிப் பழக்கலாம். இடக்கையில் கரண்டி பிடித்து உண்பது, விரல்களால் பிசைந்து உண்பதைப் போலக் கூச்சம் தராது என்பதால் அதனை அவர் ஏற்கவும் கூடும். தட்டு நகராதிருக்க வழுக்காத விரிப்பொன்றும், சோறு வெளியே தள்ளுப்படாதிருக்க விளிம்புயர்ந்த தட்டொன்றும் போதும். இவை விலையுயர்ந்த பொருள்கள் அல்ல.

மக்கிலிலோ மொன்றியல் பல்கலைக்கழகத்திலோ கற்றுவந்த ஒருவர், இடியப்பம் பிழிவதற்கு இரு கைகளும் எவ்வளவு பலம் கொள்ள வேண்டும் என்பதை எங்கே கற்றிருப்பார்? துருவலையில் தேங்காய் துருவும்போது முதுகு எவ்வாறு வளைகிறது, சேலையின் கொய்யகத்தை மடித்துச் செருக விரல்கள் என்ன செய்ய வேண்டும், வாளியில் தண்ணீர் நிரப்பி அள்ளிக் குளிப்பது எப்படி, கோயிலில் தரையில் அமர்ந்து எழுவதற்கு முழங்கால்கள் எவ்வளவு மடங்க வேண்டும் என்பனவெல்லாம் கூறினாலன்றி அவருக்குத் தெரியா. படிவத்தில் "உணவு தயாரித்தல்" என்றிருக்கும் வரிக்குப் பாண் துண்டை வாட்டுவதும் பதில்தான், இடியப்பமும் சொதியும் பதில்தான். எதைச் சொல்கிறோமோ அதற்கே பயிற்சி கிடைக்கும். டொலார்-டெ-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலுக்குச் சென்று வருவதுதான் ஒருவருடைய கிழமையின் மிக முக்கிய செயல் என்றால், அதையே அவர் இலக்காகக் கூறலாம். தயங்க வேண்டியதில்லை. வாகனத்தில் ஏறுவது, சப்பாத்தைக் கழற்றுவது, நீண்ட நேரம் நிற்பது, கதிரையில் அமர்ந்து வணங்குவது எனச் சிகிச்சையாளர் அதனைப் படிகளாகப் பிரித்துத் தருவார்.

மதிப்பீடு பற்றிய மற்றொரு செய்தி பலரது கவனத்துக்கு வருவதில்லை. வீட்டுப் பராமரிப்பு உதவி கோருவோரின் நிலையை அளவிடுவதற்காக, கியூபெக்கில் மருத்துவர் றெஜான் ஹேபேரும் அவரது குழுவினரும் 1980களில் ஓர் அளவீட்டை உருவாக்கினர். (ஹேபேர் பின்னர் 2012 முதல் 2014 வரை மாகாண சுகாதார அமைச்சராகவும் இருந்தார்.) அதில் 29 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒருவர் தனித்து இயங்குகிறாரா, மேற்பார்வை வேண்டுமா, கைகொடுத்து உதவ வேண்டுமா, முற்றிலும் பிறரைச் சார்ந்திருக்கிறாரா என்று மதிப்பிடப்படும். நீண்டகாலம் பயன்பட்ட இத்தகைய படிவங்கள் காலத்துக்குக் காலம் மாறலாம்; ஆனால் கேள்விகளின் தன்மை மாறாது. தமிழ் வீடுகளில் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் என்ன? "பிரச்சினை ஒன்றும் இல்லை." அந்நியர் முன்னிலையில் இயலாமையை ஒப்புக்கொள்வது மானக்குறைவு என்ற எண்ணமே இதற்குக் காரணம். இரவில் மூன்று முறை அப்பாவைக் கழிவறைக்குத் தாங்கிச் செல்லும் மகனும், அதிகாரி முன் "சமாளிக்கின்றோம்" என்கின்றார். படிவத்தில் அது தேவையில்லை என்று பதியப்படுகின்றது. உதவி குறைகின்றது. முதுகு உடைவது மகனுக்கு.

இதிலே இளையோருக்கும் ஒரு பங்குண்டு. மொன்றியலில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழியும் அறிந்தவர்கள் என்பது பெருமைக்குரியது. அதனாலேயே அம்மம்மாவின் சந்திப்புகளுக்கு அவர்களே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லப்படுகின்றனர். பதினைந்து வயதுப் பேரனை நடுவில் வைத்துக்கொண்டு, தமக்குச் சிறுநீர் அடக்க முடியவில்லை என்பதை எந்த அம்மம்மா கூறுவார்? கூறினாலும் பேரன் அதனை எவ்வாறு மொழிபெயர்ப்பான்? மொன்றியல் பகுதிச் சுகாதார நிறுவனங்கள் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்ய முடியும். சந்திப்புக்கான திகதியைக் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று கேட்க வேண்டும். சந்திப்பு நாளன்று கேட்டால் கிடைப்பது அரிது.

சிறு பிள்ளைகளின் விடயமும் இதனோடு ஒட்டியதே. பாலர் வகுப்பில் சேரும் பிள்ளை பனிக்காலத்தில் பனியாடை, சப்பாத்து, தொப்பி, கையுறை அனைத்தையும் தானே அணிந்து முற்றத்துக்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கின்றார். காலையில் வேலைக்கு ஓடும் பெற்றோருக்கோ காத்திருக்க நேரமில்லை, தாமே அணிவித்துவிடுகின்றனர். உணவையும் ஊட்டிவிடுகின்றனர். இதற்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறையை எந்த வீட்டிலும் கையாளலாம். கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கியை அணிவித்து, "சிப்"பைப் பாதிவரை இழுத்துவிட்டு, மீதியை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது கைவந்ததும் சிப்பைக் கொளுவுவதையும் விட வேண்டும். அடுத்து ஒரு கையை நுழைப்பது. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைப்பது பிள்ளையாகவே இருக்கும். அந்த மகிழ்ச்சியே அடுத்த படிக்கு அதனை இழுத்துச் செல்லும்.

பழக்கமின்மை வேறு, உண்மையான சிரமம் வேறு என்பதையும் மறக்கலாகாது. நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பிள்ளைகளுக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் பிறவியிலேயே தடை இருப்பதாக அறியப்பட்டுள்ளது. அறிவில் குறையில்லை, ஆனால் பொத்தான் பூட்டுவதும், கத்தரிக்கோல் பிடிப்பதும், வரிக்குள் எழுதுவதும் அவர்களுக்கு மலையாகும். தமிழ்ப் பெற்றோர் இதனைச் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ கொண்டு, மேலும் பத்துப் பக்கம் எழுத வைக்கின்றனர். "கோழிக் கிறுக்கல்" என்ற பட்டமும் கிடைக்கின்றது. கனேடிய ஆய்வாளர்களான ஹெலீன் பொலத்தாய்க்கோவும் அஞ்செலா மண்டிச்சும் உருவாக்கிய முறையொன்று, இத்தகைய பிள்ளைக்கு இலக்கு, திட்டம், செய், சரிபார் என்ற நான்கு படிகளைக் கற்பிக்கின்றது. இலக்கைத் தெரிவு செய்வதும் பிள்ளையே. பெற்றோர் அழகான கையெழுத்தை விரும்பலாம். பிள்ளை சைக்கிள் ஓட விரும்பலாம். சைக்கிளிலிருந்தே தொடங்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சிச் சிரமங்களை முன்கூட்டியே கண்டறிவதற்காகக் கியூபெக் அரசு 2019 இல் "அஜீர் தோ" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. "முந்திச் செயற்படுக" என்பது அதன் பொருள். மூன்று வயதில் ஐயம் எழுந்தால், பாடசாலை செல்லும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மொன்றியலின் வீடுகள் முதியோருக்கென அமைக்கப்பட்டவை அல்ல. பார்க் எக்ஸ்ரென்சன் போன்ற பகுதிகளில் தெருவிலிருந்து நேரே மேல்மாடிக்கு ஏறும் வெளிப்புறப் படிக்கட்டுகள் புகைப்படத்துக்கு அழகானவை. தை மாதத்தில் பனிக்கட்டி உறைந்திருக்கும்போது அவற்றில் ஏறுவது வேறு அனுபவம். குளியல் தொட்டியின் உயர்ந்த விளிம்பும் முதியோர் விழுவதற்கான இடங்களுள் ஒன்று. சுவரில் பொருத்தும் கைப்பிடி, தொட்டிக்குக் குறுக்கே வைக்கும் இருக்கை, கையில் பிடிக்கும் நீர்த்தூவி ஆகியவற்றை எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதைச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து பார்த்தே கூறுவார். துவாய் தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பக்கூடாது. அது ஆளின் பாரத்தைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டதன்று. பெரிய மாற்றங்களுக்குக் கியூபெக் வீடமைப்புச் சபையின் வீடு மாற்றியமைப்பு உதவித் திட்டம் உண்டு. அதற்குத் தொழில்வழிச் சிகிச்சையாளரின் அறிக்கை வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். அனுமதி கிடைக்குமுன் வேலையைத் தொடங்கினால் அச்செலவுக்கு உதவி கிடைக்காது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அறளை பெயர்ந்துவிட்டது" என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் மறதிநோயிலும் இச்சிகிச்சைக்கு இடமுண்டு. புதியவற்றைக் கற்க இயலாதபோதும் நெடுங்காலம் செய்த வேலைகளைக் கைகள் பல காலம் நினைவில் வைத்திருக்கும். வெங்காயம் உரித்தல், முருங்கையிலை ஆய்தல், பூக்கட்டுதல், துவாய் மடித்தல் என ஒரு வேலை இருந்தால் பின்னேரத்து அமைதியின்மை தணிவதுண்டு. மடித்த துவாய் கோணலாக இருக்கலாம். அதனை அவர் கண்முன்னே பிரித்துத் திரும்ப மடிக்காதிருப்பது நல்லது. போரில் உறவுகளை இழந்து, முதிய வயதில் இங்கு வந்து, ஐந்து மாதப் பனிக்காலத்தைப் பூட்டிய வீட்டுக்குள் கழிக்கும் தாய்மாருக்கும் வெறுமையான நாள் ஒரு நோயே. அவர்களுக்கு உளநல உதவி தேவைப்படலாம். அதனோடு, காலையில் எழுந்து செய்வதற்கு ஒரு காரியமும் தேவை.

இச்சேவையைப் பெறுவது எப்படி? வசிக்கும் பகுதிக்குரிய சி.எல்.எஸ்.சி. நிலையமே முதல் வாசல். பார்க் எக்ஸ்ரென்சன், கோட்-டெ-நேஜ் பகுதிகளுக்கு அவ்வவ்விடத்திலேயே நிலையங்கள் உள்ளன. எங்கே அழைப்பது என்று தெரியாவிடில் 811 என்ற இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம். சுகாதாரக் காப்புறுதி அட்டை உள்ளவர்களுக்கு இந்நிலையங்களில் கட்டணமில்லை; ஆனால் காத்திருப்பு நீண்டது. எனவே, ஒருவர் விழுந்து எலும்பு முறிந்த பின்னரன்றி, முதன்முறை கால் தடுமாறும்போதே பெயரைப் பதிவது அறிவுடைமை. வைத்தியசாலையில் இருப்பவராயின், வீடு திரும்புமுன் "எர்கோதெரப்பிஸ்ற் பார்த்தாரா?" என்று தாதியிடம் கேட்கலாம். தனியார் சேவையை நாடுவோர், அவர் கியூபெக் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒழுங்கமைப்பில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். உறுப்பினரல்லாதோர் அப்பெயரைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிப்பதில்லை. இத்துறையைக் கற்க விரும்பும் இளையோருக்கு மக்கில், மொன்றியல், லவால், ஷேர்புரூக், துருவா-றிவியேர் பல்கலைக்கழகங்களில் முதுமாணி வரையிலான கல்வி உண்டு. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் பெற்றோர் இதனையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இடியப்ப உரலை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு சிகிச்சையாளர் இந்நகருக்கு வேண்டும்.

முதற் சந்திப்புக்கு முன்னர் செய்யக்கூடிய ஆயத்தம் ஒன்றே. அம்மாவோ அப்பாவோ காலை எழுவது முதல் இரவு படுப்பதுவரை செய்யும் ஒவ்வொன்றையும், அவர்கள் வாயாலேயே கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுத வேண்டும். எதைத் தாமே செய்கிறார்கள், எதற்குக் கை கொடுக்கப்படுகிறது, எதை விட்டுவிட்டார்கள் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். விட்டுவிட்டவற்றுள் எதனை மீண்டும் செய்ய ஆசை என்பதையும் கேட்க வேண்டும். பதில் உடனே வராது; "எனக்கென்ன ஆசை, நீங்கள் நன்றாயிருந்தால் போதும்" என்பார்கள். ஒரு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள்.